படர்தாமரைக்குப் பால் வார்க்கும் களிம்பு!

சாதாரணப் படை தீராத வியாதி ஆனது எப்படி?

இடுப்பில் அரிப்பு. பொறுக்க முடியாமல் மருந்துக்கடைக்குப் போகிறார் ஒருவர். "படைக்கு நல்லதாக ஒரு டியூப் கொடுங்கள்" என்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். சீட்டு ஏது, டாக்டர் யார் என்ற கேள்வியே இல்லை.

இரவு பூசுகிறார். காலையில் அரிப்பு பாதி குறைந்துவிடுகிறது. மூன்றாம் நாள் சிவப்பும் மறைந்துவிடுகிறது. "கைகண்ட மருந்து!" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் சிபாரிசு செய்கிறார்.

பத்து நாள் போகிறது. அரிப்பு திரும்பி வருகிறது. முன்பு ஒரு ரூபாய் அகலம் இருந்த வட்டம், இப்போது உள்ளங்கை அகலம். மறுபடியும் அதே டியூப். மறுபடியும் மூன்று நாள் நிம்மதி. இப்படியே ஆறு மாதம் கழிகிறது. தொடை, வயிறு, முதுகு என்று எங்கு பார்த்தாலும் படை. அதற்குள் மனைவிக்கும் தொற்றிவிட்டது. குழந்தையும் சொறிந்துகொண்டு நிற்கிறது.

இது யாரோ ஒருவருடைய கதை அல்ல. சுமார் பத்து ஆண்டுகளுக்கு மேலாக, இந்தியா முழுவதும் சரும டாக்டர்கள் அன்றாடம் கேட்டுவரும் கதை. முன்பெல்லாம் சில வாரங்களில் அடங்கிப்போன படர்தாமரை, இப்போது பலருக்கு மாதக்கணக்கில் அடங்காமல் நிற்கிறது.

ஏன் இப்படி? பூஞ்சை மாறிவிட்டதா? மருந்து பலிக்கவில்லையா? மனிதர்கள் செய்த பிழையா? மூன்றும் உண்டு. ஆனால் பிழையின் பங்குதான் பெரிது என்கிறார்கள் டாக்டர்கள்.

கிட்டத்து உறவு!

படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. மழைக்காலத்தில் தோல் செருப்பின் மேல் சாம்பல் பூத்ததுபோல் படர்கிறதே, ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த இனம். வைக்கோலில் முளைக்கும் காளானும் இந்தக் குடும்பம்தான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டும், பனங்கள்ளை நுரைக்க வைக்கும் ஈஸ்டும் இதே குடும்பம்தான்.

பூஞ்சை செடி அல்ல. அதற்குப் பச்சையம் இல்லை. வெயிலில் நின்று தானே உணவு தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. பிற பொருளை அரித்துத் தின்றே பிழைக்க வேண்டும். காலரா, டைபாய்டு ஆகியவற்றைத் தரும் பாக்டீரியாவின் இனமும் அல்ல. உயிர்களின் வம்சாவளியைப் பார்த்தால், பாக்டீரியாவைவிட மனிதனுக்குத்தான் பூஞ்சை கிட்டத்து உறவு!

இந்த உறவுதான் வைத்தியத்துக்கு இடைஞ்சல். பாக்டீரியாவின் அமைப்பு வேறு, மனித உடலின் அமைப்பு வேறு. ஆகையால் மனிதனுக்குத் தீங்கு இல்லாமல் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் ஏராளமாகக் கிடைத்தன. பூஞ்சையின் செல்லோ மனிதனுடைய செல்லைப் பல விதத்தில் ஒத்திருக்கிறது. அதைக் கொல்லும் விஷம் இதையும் கொல்லக்கூடும்.

சில வித்தியாசங்கள்தான் கைகொடுக்கின்றன. மனிதச் செல்லின் உறையில் கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சைச் செல்லின் உறையில் அதற்குப் பதில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை இந்த எர்கோஸ்டிராலைக் குறிவைத்தே வேலை செய்கின்றன. உடலின் உள்ளே பரவிவிட்ட பூஞ்சைக்குக் கொடுக்கக்கூடிய மருந்துகளை எண்ணிப் பார்த்தால், நான்கு வகைதான் தேறும்.

கையிருப்பு இவ்வளவு சொற்பம். அதை வீணடிக்கலாமா? இதுதான் இன்றைய கேள்வி.

வாடகை இல்லாத குடித்தனம்

உலகில் பூஞ்சை இனங்கள் பல லட்சம். அவற்றில் மனிதனுக்கு வியாதி தருபவை சில நூறுதான். காரணம், உடலின் உஷ்ணம். 37 டிகிரி சூடு பெரும்பாலான பூஞ்சைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு மேல், ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் இரவு பகலாகக் காவல் காக்கின்றன.

இந்தக் காவலையும் மீறி மனிதனைத் தொல்லை செய்யும் பூஞ்சைகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒரு கூட்டம் உடலிலேயே குடியிருக்கிறது. மற்றது வெளியிலிருந்து வந்து தொற்றுகிறது.

முதலில் குடியிருப்பவர்களைப் பார்ப்போம்.

தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழும் ஒரு ஈஸ்ட் உண்டு. மலாசீசியா என்று பெயர். வளர்ந்த மனிதர்கள் ஏறக்குறைய எல்லோருடைய தோலிலும் இது இருக்கிறது. அளவோடு இருக்கும்வரை தொல்லை இல்லை. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது இது பெருகி, மார்பிலும் முதுகிலும் தேமலாகத் தெரிகிறது. தலையில் பொடுகு உதிர்வதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இன்னொரு குடித்தனக்காரர் கேண்டிடா என்னும் ஈஸ்ட். வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் சாதுவாக இருந்துவருகிறது. அங்கேயே கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. அவை இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டிருப்பதால், கேண்டிடா மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது.

இப்போது ஜலதோஷம் என்று ஒருவர் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். அதை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆனால் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் கேண்டிடா கடை பரப்புகிறது!

கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டியதுபோல் தோன்றும் அக்கரம் இதன் வேலைதான். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுபவர்களின் வாயிலும், பல் செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களின் அண்ணத்திலும் இது வருவதுண்டு. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும், தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் உண்டாகின்றன. நான்கு பெண்களில் மூவருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது வருகிறது என்பது டாக்டர்களின் கணக்கு. கர்ப்ப காலத்திலும், ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போதும் அதிகம் வரும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய வியாதி அல்ல. சுத்தக் குறைவின் அடையாளமும் அல்ல.

தபாலில் வந்த மண்

ஆன்டிபயாடிக்கின் வரலாற்றிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலின், பூஞ்சையிலிருந்து வந்த மருந்து. அது பாக்டீரியாவைக் கொன்றது. 1940-க்குப் பிறகு அம்மருந்தும் அதன் தம்பிகளும் உலகெங்கும் புழங்கத் தொடங்கின. புழங்கத் தொடங்கியதும், கேண்டிடாவின் தொல்லை கூடியது.

இதற்கு மாற்று தேடியவர்கள் இரண்டு அமெரிக்கப் பெண்கள். எலிசபெத் ஹேஸன் நியூயார்க் நகரில் கிருமிகளை ஆராய்ந்தவர். ரேச்சல் பிரவுன் ஆல்பனியில் ரசாயனம் ஆராய்ந்தவர். இருவரும் நியூயார்க் மாகாணத்தின் சுகாதார ஆய்வுக்கூடங்களில் உத்தியோகம் பார்த்தவர்கள். பல இடத்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்ப்பார் ஹேஸன். பூஞ்சையைக் கொல்லும் சக்தி தெரிந்தால், அதை ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். சத்தைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார் பிரவுன்.

கடைசியில் வெர்ஜீனியாவில் நண்பர் ஒருவருடைய பால் பண்ணை மண்ணில் கிடைத்தது தேடிய பொருள். 1950-ல் இருவரும் அதை அறிவித்தார்கள். நியூயார்க் மாகாணத்தின் பெயரால் அது நிஸ்டாட்டின் ஆயிற்று. மனிதருக்குப் பத்திரமாகக் கொடுக்க முடிந்த பூஞ்சை ஆன்டிபயாடிக்குகளில் அதுதான் முதல்.

அந்த மருந்தின் உரிமைத் தொகையாக 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இருவரும் ஒரு காசு எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே போயிற்று. 1966-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வெள்ளம் புகுந்து பழைய ஓவியங்களில் பூஞ்சை படர்ந்தபோது, அவற்றைக் காப்பாற்றவும் இதே நிஸ்டாட்டின் உதவியது.

பூஞ்சை கொடுத்த மருந்து பாக்டீரியாவைக் கொன்றது. மண்ணில் வாழும் பாக்டீரியா கொடுத்த மருந்து பூஞ்சையைக் கொன்றது. இயற்கையில் இருவரும் ஒருவரை ஒருவர் அடக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் புகுந்து ஒரு பக்கத்தைச் சாய்த்தால், மறுபக்கம் எழுந்துவிடும்.

எல்லாமே ஈஸ்டின் வேலையா?

இதைச் சாக்காக வைத்து இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. களைப்பா? தலைவலியா? ஞாபகமறதியா? மனச்சோர்வா? "எல்லாம் குடலில் ஈஸ்ட் பெருகியதால்தான்!" என்று சொல்லி, பத்திய உணவும் பவுடரும் விற்கிறார்கள்.

இது அமெரிக்காவில் 1980-களில் புறப்பட்ட கட்சி. 1990-ல் அங்குள்ள டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தத் தொல்லைகளைச் சொல்லி வந்த 42 பெண்களுக்கு நிஸ்டாட்டினும், வெறும் போலி மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. பிறப்புறுப்பின் அரிப்புக்கு நிஸ்டாட்டின் பலித்தது. களைப்பு, மனச்சோர்வு போன்றவற்றில் அசல் மருந்துக்கும் போலி மருந்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

நாள்பட்ட களைப்புக்குச் சோகை, சர்க்கரை வியாதி, தைராய்டு என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஈஸ்டின் மேல் பழி போட்டுப் பத்தியம் இருந்தால், அசல் வியாதி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

வட்டம் ஏன் வருகிறது?

இனி வெளியிலிருந்து வருபவரைப் பார்ப்போம். படர்தாமரை, தொடையிடுக்குப் படை, கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண், நகச்சொத்தை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணம், கெரட்டினைத் தின்னும் பூஞ்சைகள். தோலின் மேல் அடுக்கு, நகம், முடி ஆகிய மூன்றும் கெரட்டின் என்ற பொருளால் ஆனவை. அதைச் செரிக்கும் சக்தி இந்தப் பூஞ்சைகளுக்கு உண்டு.

ஒரு புள்ளியில் இறங்கி, நாலா பக்கமும் தின்றுகொண்டே நகர்கிறது பூஞ்சை. அது நகரும் விளிம்பில் உடலின் காவல்படை போர் தொடுக்கிறது. சிவப்பும் அரிப்பும் அந்தப் போரின் அடையாளம். நடுவில் சண்டை ஓய்ந்து தோல் ஓரளவு தெளிகிறது. ஆகவேதான் வட்டம் தோன்றுகிறது. பூஞ்சையின் முன்னணிப்படை இருப்பது நடுவில் அல்ல, விளிம்பில்.

வெப்பம், ஈரம், வியர்வை, காற்றுப் புகாத உடை. இந்த நான்கும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். அடுப்படியில் நிற்பவர்களும், நாள் முழுவதும் லாரி ஓட்டுபவர்களும், இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெயிலில் அலையும் இளைஞர்களும் இதற்கு எளிதில் இரையாகிறார்கள். ஒரே துண்டால் வீட்டில் நான்கு பேர் துடைத்துக்கொண்டால், நான்கு பேருக்கும் வரும்.

டியூபுக்குள் இருப்பது என்ன?

இப்போது அந்த டியூபுக்கு வருவோம். அது ஒரு மருந்து அல்ல. பெரும்பாலும் மூன்று, நான்கு மருந்துகளின் கூட்டு. பூஞ்சையைக் கொல்ல ஒன்று. பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று. கூடவே குளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு ஒன்று.

இரண்டே நாளில் அரிப்பை நிறுத்துவது இந்த ஸ்டீராய்டுதான். எப்படி நிறுத்துகிறது? பூஞ்சையைக் கொன்றா? இல்லை. உடலின் காவல்படையைத் தூங்க வைத்து! போர் நின்றதும் சிவப்பு மறைகிறது. அரிப்பு அடங்குகிறது. நோயாளி நிம்மதியாகத் தூங்குகிறார். எதிர்ப்பார் இல்லாத பூஞ்சை, விடிய விடிய மேய்கிறது.

திருடன் வந்ததும் குரைத்த நாயை அடித்துக் கட்டிப்போட்ட கதைதான் இது. வீடு அமைதியாகிவிட்டது. திருடன் போகவில்லை!

களிம்பை நிறுத்தினால் அரிப்பு முன்னிலும் பலமாகத் திரும்பும். நிறுத்தாவிட்டால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் சிவந்த வரிகள் விழும். பிள்ளை பெற்ற வயிற்றில் காணும் வரிகளைப் போன்றவை அவை. நிறம் மங்கினாலும் ஆயுள் முழுவதும் மறையாமல் நிற்கும்.

இதை டாக்டர்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1968-லேயே இங்கிலாந்தில் ஐவ், மார்க்ஸ் என்ற இரு டாக்டர்கள் எச்சரித்தார்கள். ஸ்டீராய்டு பூசிய படை, வட்டமும் விளிம்பும் அழிந்து, வேறு ஏதோ சரும வியாதிபோல் வேஷம் போடுகிறது என்று எழுதினார்கள். அடையாளம் மறைந்த படை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அன்று இங்கிலாந்தில் கண்ட வேஷத்தை, இன்று நம் நாட்டில் தெருவுக்குத் தெரு காணலாம்.

இந்தியாவின் பெயர் தாங்கிய பூஞ்சை

இதோடு போயிருந்தால்கூடத் தேவலை. பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை.

முன்பு இந்தியாவில் படைக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற இனம். சென்ற பத்து, பதினைந்து ஆண்டுகளில் வேறொரு இனம் அதைத் தள்ளிவிட்டு முன்னே வந்துவிட்டது. 2020-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைத் தனி இனம் என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சை அது. வைத்த பெயர், டிரைக்கோபைட்டான் இந்தோடினியே. இந்தியாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது!

படைக்கு டாக்டர்கள் அதிகமாக நம்பியிருந்த மருந்து டெர்பினாபின். எர்கோஸ்டிரால் தயாரிக்கப் பூஞ்சைக்கு ஒரு என்சைம் தேவை. அந்த என்சைமைப் பிடித்து நிறுத்துவது டெர்பினாபினின் வேலை. இந்தப் புதிய இனத்தில் பலவற்றுக்கு அந்த என்சைமின் உருவம் சற்றே மாறியிருக்கிறது. பூட்டு மாறிவிட்டால் பழைய சாவி எப்படிப் பொருந்தும்? மருந்து பலிப்பதில்லை.

அரைகுறை மருந்தும், பாதியில் நிறுத்திய சிகிச்சையும், ஸ்டீராய்டு தூங்க வைத்த காவலும் சேர்ந்தால் என்ன ஆகும்? மருந்துக்குச் சாகாத பூஞ்சையே பிழைத்துப் பெருகும். கடையில் கை நீட்டி வாங்கிய டியூபுக்கும், மருந்துக்கு மசியாத பூஞ்சைக்கும் இப்படித்தான் முடிச்சு விழுகிறது.

விமானத்தில் போகிறவர்களோடு பூஞ்சையும் போகிறது. ஐரோப்பிய நாடுகளில் இது காணப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் முதல் இரண்டு நோயாளிகளைப் பற்றி 2023-ல் அறிவிப்பு வந்தது. அவர்களில் ஒரு பெண் வெளிநாடு எதற்கும் போகாதவர். அங்கேயே தொற்றத் தொடங்கிவிட்டது என்றுதானே பொருள்?

சட்டம் உண்டு. கடை?

அரசாங்கம் சும்மா இருந்ததா? இல்லை. வெளியே பூசும் மருந்து என்ற காரணத்தால், ஸ்டீராய்டு களிம்புகளுக்கு முன்பு டாக்டர் சீட்டு தேவைப்படவில்லை. சரும டாக்டர்களின் சங்கம் இதை எதிர்த்து நெடுநாள் குரல் எழுப்பியது. 2018-ல் மத்திய அரசாங்கம் விதியைத் திருத்தியது. 14 ஸ்டீராய்டுகள் அடங்கிய களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், பொருத்தம் இல்லாமல் கலந்த 328 கூட்டு மருந்துகளுக்கும் தடை வந்தது. இத்தகைய சில களிம்புகளும் அதில் அடங்கும். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.

சட்டப் புத்தகத்தில் விதி இருக்கிறது. கடை மேஜையில் டியூபும் இருக்கிறது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. சரும டாக்டர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். டியூபோ மூலைக் கடையில் கிடைக்கிறது. அதுவும் இரண்டே நாளில் தூங்க விடுகிறது. எதைத் தேடுவார் அவர்? சட்டம் ஒரு கதவை அடைத்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நல்ல பூஞ்சைக் களிம்பும் சரியான யோசனையும் கிடைக்கும்படி இன்னொரு கதவைத் திறக்கவும் வேண்டும்.

2021 தந்த பாடம்

காவல் தூங்கினால் பூஞ்சை எவ்வளவு தூரம் போகும் என்பதை, நாடு 2021-ல் கண்ணால் கண்டது. கொரோனாவின் இரண்டாவது அலை வீசிய சமயம். பிழைத்து வீடு திரும்பியவர்களுக்குக் கன்னம் வீங்கியது. மூக்கில் கறுப்புப் பொருக்கு கட்டியது. பார்வை மங்கியது. பலருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது.

கறுப்புப் பூஞ்சை என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். உண்மையில் பூஞ்சை கறுப்பு அல்ல. அது ரத்தக் குழாயை அடைப்பதால் சதை செத்துக் கறுக்கிறது. மண்ணிலும் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் பூஞ்சைதான் அது. எல்லோருடைய மூக்கிலும் தினமும் நுழைகிறது. அந்த ஆண்டு மட்டும் ஏன் கண்ணையும் உயிரையும் கேட்டது?

2021 மே மாதம் தமிழ்நாடு அரசாங்கம், இதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய வியாதிகளில் சேர்த்தது. ஜூன் 28-ல் மத்திய சுகாதார மந்திரி சொன்ன கணக்கு: நாடு முழுவதும் 40,845 பேருக்கு நோய். 3,129 பேர் மரணம். நோயாளிகளில் 64 சதவிகிதத்தினருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டவர்கள்.

மூச்சுத் திணறிய கொரோனா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு உயிர் காத்தது என்பதும் மெய். ஆனால் தேவையில்லாதவர்களுக்கும், தேவைக்கு மேலும் கொடுத்த இடங்களில், சர்க்கரை ஏறியது, காவல் இறங்கியது. 2023-ல் வெளியான கணக்கின்படி, இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேறென்ன வேண்டும்?

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு புது விருந்தாளி வந்திருக்கிறது. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த ஈஸ்ட் அது. காதைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் கேண்டிடா ஆரிஸ் என்று பெயர் பெற்றது. கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் நெடுநாள் உயிரோடு இருக்கிறது. பல மருந்துகளுக்கு மசிவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களின் ரத்தத்தில் புகுந்தால் ஆபத்து. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. முதல் வரிசையில் வைத்த நான்கில் கேண்டிடா ஆரிஸ் ஒன்று.

என்ன செய்ய வேண்டும்?

பயப்பட வேண்டியதில்லை. படர்தாமரை உயிரை வாங்கும் வியாதி அல்ல. முறையாகப் பார்த்தால் தீரும். பொறுமைதான் வேண்டும்.

படை என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தோலை லேசாகச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சை இருந்தால் இழை இழையாகத் தெரிந்துவிடும். செலவு குறைந்த பரிசோதனை.

வீட்டில் இருக்கும் டியூபை எடுத்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால், அது ஸ்டீராய்டு கலந்தது. படைக்குப் பூச வேண்டாம். நெடுநாள் பூசி வந்தவர்கள், டாக்டரைக் கேட்டு நிறுத்துவது நல்லது.

பூஞ்சைக் களிம்பை வட்டத்தின் நடுவில் மட்டும் பூசினால் போதாது. விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம்வரை பூச வேண்டும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தக்கூடாது. டாக்டர் சொன்ன நாள்வரை பூச வேண்டும். மாத்திரைக்கும் இதே விதி.

வீட்டில் இன்னொருவருக்கும் படை இருந்தால், இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கொடுக்க, ஒருவர் வாங்க, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். துண்டு, உள்ளாடை, சோப்பு தனித்தனியாக இருக்கட்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஈரத் துணியை உடுத்த வேண்டாம். குளித்ததும் தொடையிடுக்கையும் கால்விரல் இடுக்கையும் உலரத் துடையுங்கள். அரைஞாண் கயிறு ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். படை தீரும்வரை அதைக் கழற்றி வைப்பது உசிதம்.

பூண்டுச் சாறு, எருக்கம்பால் இவற்றைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா மருந்தை உறிஞ்சியதும் வாய் கொப்பளியுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். சாதாரண ஜலதோஷத்துக்கு "நல்ல ஆன்டிபயாடிக்காக எழுதுங்கள்" என்று டாக்டரை நச்சரிக்காதீர்கள்.

பூஞ்சை மனிதனுக்கு முன்பே பூமிக்கு வந்தது. அதை அடியோடு ஒழிக்க ஒருவராலும் முடியாது. ஒழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள உடலுக்கே தெரியும். அந்தக் காவலைத் தூங்க வைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த தடவை மருந்துக்கடையில் "ஒரு டியூப் கொடுங்கள்" என்று கை நீட்டுமுன் ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளில் நின்றுபோவது அரிப்பு. அரிப்பை உண்டாக்கியவர் அங்கேயேதான் இருக்கிறார்!